சாரதியின் செலவும் வரிக் கழிப்பும்: புத்தளம் கரையோரத்தை முன்வைத்து

ஒரு சாரதி தன் தொழிலைக் கற்பதற்கும் அதைத் தொடர்ந்து செய்வதற்கும் செலவிடும் பணத்தை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியுமா என்ற கேள்விக்கு இலங்கையின் சட்டம் எல்லாச் சாரதிகளுக்கும் பொதுவான விடை ஒன்றைத் தருவதில்லை. செலவு எதற்காக ஏற்பட்டது என்று பார்ப்பதற்கு முன்பே, செலவிட்டவர் பிறருடைய வண்டியைச் சம்பளத்துக்கு ஓட்டுபவரா, தன் வண்டியைத் தானே ஓட்டி உழைப்பவரா என்று சட்டம் கேட்கிறது. முதலாமவருக்கு ஏறத்தாழ எதையுமே கழிக்க இடமில்லை. இரண்டாமவருக்குப் பெரும்பாலானவற்றைக் கழிக்க இடமுண்டு. ஒரே சாரதிப் பயிற்சிப் பாடசாலையில், ஒரே கட்டணத்தைச் செலுத்தி, ஒரே நாளில் கனரக வாகன அனுமதிப்பத்திரத்துக்கான பரீட்சைக்குத் தோற்றும் இருவருக்கு, வரிச் சட்டத்தின் முன் அச்செலவு இரு வேறு பொருளாகிவிடுகிறது.

புத்தளம் மாவட்டத்தின் கரையோரம் இந்த வேறுபாட்டை ஆராயப் பொருத்தமான பகுதி. தெற்கே வென்னப்புவை, மாரவிலையிலிருந்து சிலாபம், உடப்பு, முந்தல், பாலாவி வழியாகப் புத்தளம் நகரம் வரையிலும், அங்கிருந்து களப்புக்கு அப்பால் நீளும் கற்பிட்டித் தீபகற்பம் வரையிலும் வாழ்வோரின் பிழைப்பில் வீதிப் போக்குவரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. கற்பிட்டியின் மணல் நிலத்தில் விளையும் வெங்காயமும் பீற்றூட்டும் மிளகாயும் லொறிகளில் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் போகின்றன. புத்தளத்து உப்பும் சீமெந்தும், சிலாபம் முந்தல் பக்கத்து இறாலும், கரையெங்கும் காயும் கருவாடும், தென்னந்தோட்டங்களின் தேங்காயும் அவ்வாறே வீதி வழியாக வெளியேறுகின்றன. நுரைச்சோலையில் 900 மெகாவாற் கொள்ளளவுடன் இயங்கும் இலக்விஜய அனல்மின் நிலையத்தின் சாம்பல், சீமெந்து உற்பத்தியில் சேர்க்கப்படுவதற்காகக் கொண்டு செல்லப்படுகிறது. இவற்றோடு கொழும்பு–புத்தளம் வீதியின் பஸ்கள், வில்பத்து தேசிய பூங்காவுக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் ஜீப்கள், ஒவ்வொரு சந்தியிலும் நிற்கும் முச்சக்கர வண்டிகள் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால், சம்பளச் சாரதி, வண்டிச் சொந்தக்காரர், நடைக்குப் பங்கு பெறுபவர், வளைகுடா நாடுகளுக்குப் போய்த் திரும்பியவர் என எல்லா வகையினரும் இங்கே ஒரே தெருவில் வசிப்பது தெரியவரும்.

வரிக் கழிப்பு என்பது செலவிட்ட பணத்தை அரசு திருப்பித் தருவது என்று பலர் விளங்கிக்கொள்கின்றனர். அது பிழையான விளக்கம். கழிப்பு என்பது வரி கணக்கிடப்படும் வருமானத் தொகையைக் குறைப்பது மட்டுமே ஆகையால், அதன் பெறுமதி ஒருவருடைய வருமானத்தின் மேற்பகுதி எந்த வரிவீதத்துக்குள் விழுகிறதோ அந்த வீதத்தைப் பொறுத்தது. 6 சதவீத வரிப்படியில் நிற்பவர் 50,000 ரூபாவைக் கழித்தால் அவருக்கு மிஞ்சுவது 3,000 ரூபா. 36 சதவீதப் படியில் நிற்பவருக்கு அதே கழிப்பு 18,000 ரூபாவை மிச்சப்படுத்தும். வரி எல்லைக்குக் கீழே இருப்பவருக்கோ ஒன்றுமே இல்லை. குறைந்த வருமானம் உடையவருக்கு உதவும் கருவியாகக் கழிப்பைக் கருதும் எவரும் முதலில் எதிர்கொள்ள வேண்டிய முரண் இதுவே.

இப்போது நடைமுறையில் இருப்பது 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம். 2018 ஏப்ரல் 1 முதல் செயற்பட்டுவரும் இச்சட்டம் பலமுறை திருத்தப்பட்டுள்ளது. ஏப்ரல் 1 முதல் அடுத்த மார்ச் 31 வரையான பன்னிரண்டு மாதங்களை மதிப்பீட்டு ஆண்டு என்று குறிப்பிடும் இச்சட்டம், வருமானத்தைத் தொழில் செய்து பெறும் ஊதியம், வியாபாரம், முதலீடு, ஏனையவை என நான்காகப் பிரித்து, வருமானத்தை ஈட்டுவதற்காக ஏற்பட்ட செலவைக் கழிக்கும் பொது உரிமையை வியாபாரத்துக்கும் முதலீட்டுக்கும் மட்டுமே வழங்குகிறது. ஊதியம் பெறுபவருக்கு அந்த உரிமை இல்லை. சீமெந்துத் தொழிற்சாலையிலோ, மின் நிலையத்திலோ, தனியார் கொள்கலன் போக்குவரத்து நிறுவனத்திலோ சாரதியாக இருப்பவர் தன் கைக்காசில் வாங்கிய பாதுகாப்புச் சப்பாத்தும், வேலைக்கு வந்துபோன பஸ் கட்டணமும், இரவு ஓட்டத்தின்போது வழியில் உண்ட சாப்பாடும், அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பித்த கட்டணமும் வரிக் கணக்கில் இடம்பெறுவதில்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு அவருடைய சம்பளத்திலிருந்து செல்லும் 8 சதவீதத்துக்குக்கூடக் கழிப்பு இல்லை. அவர் கைக்கு வராத அந்தப் பணத்துக்கும் சேர்த்தே வரி கணக்கிடப்படுகிறது.

ஊழியருக்குச் செலவுக் கழிப்பை மறுப்பதற்குச் சொல்லப்படும் நியாயம், அனைவருக்கும் பொதுவாக வழங்கப்படும் தனிநபர் நிவாரணமே அவ்வகைச் செலவுகளையும் உள்ளடக்கியது என்பதாகும். தனிநபர் நிவாரணம் என்பது வருமானத்தில் முதற்பகுதியாக வரியின்றி விடப்படும் தொகை. 2025 ஏப்ரல் 1 முதல் அது ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா, அதாவது மாதத்துக்கு 150,000 ரூபா. அதற்கு மேற்பட்ட முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதமும், அடுத்தடுத்த ஐந்து இலட்சங்களுக்கு முறையே 18, 24, 30 சதவீதமும், எஞ்சியதற்கு 36 சதவீதமும் அறவிடப்படுகின்றன. இந்த நியாயத்தில் நிர்வாக வசதி என்ற அளவில் உண்மை இருக்கிறது. இலட்சக்கணக்கான சம்பளக்காரரின் பஸ் ரிக்கற்றுகளைப் பரிசீலிப்பது எந்தத் திணைக்களத்துக்கும் இயலாத காரியம். ஆனால் மேசையில் அமர்ந்து பணிபுரியும் எழுதுவினைஞருக்கும், நான்கு நாட்கள் வீதியிலேயே உண்டு உறங்கும் கொள்கலன் சாரதிக்கும் தொழிற்செலவு ஒரே அளவானது என்று கொள்ளும் இந்த ஏற்பாடு, தன் செலவில் தன்னைத் தகுதிப்படுத்திக்கொள்ளும் தொழிலாளரைப் பொறுத்தமட்டில் நியாயமானதென்று சொல்ல முடியாது.

அந்தத் தகுதிப்படுத்தலுக்கு ஆகும் செலவு சிறியதன்று. இலகுரக வாகனத்துக்கான அனுமதிப்பத்திரத்தைப் பெற்றுச் சில காலம் கடந்த பின்னரே கனரக வகுப்புகளுக்குச் செல்ல முடிகிறது. சாரதிகளின் பேச்சில் கனரக அனுமதிப்பத்திரத்துக்கு ‘ஹெவி லைசன்’ என்று பெயர். லொறி, இணைப்பூர்தியுடன் கூடிய கனரக லொறி, சிறிய பஸ், பெரிய பஸ் என ஒவ்வொன்றும் தனித்தனி வகுப்பாக இருப்பதால், ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏற மீண்டும் பயிற்சிக் கட்டணமும், போக்குவரத்து மருத்துவ நிறுவனத்தின் சான்றிதழும், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பரீட்சைக் கட்டணமும், பயிற்சி நாட்களில் இழக்கும் கூலியும் சேர்கின்றன. இலகுரக அனுமதிப்பத்திரம் எட்டு ஆண்டுகளுக்குச் செல்லுபடியாக, கனரகத்துக்குரியது நான்கே ஆண்டுகளில் புதுப்பிக்கப்பட வேண்டியிருக்கிறது. பயிற்சிப் பாடசாலைக் கட்டணத்தைவிட இழந்த கூலியே பெரிய செலவென்றாலும், கிடைக்காத வருமானத்தை வரிச் சட்டம் செலவாக ஏற்பதில்லை என்பதை இடையில் சொல்லிவைக்கலாம்.

தொழிற்கல்விச் செலவுக்கு இலங்கை ஒரு காலத்தில் வரி நிவாரணம் தந்தது என்பது இன்று பலருக்கு நினைவில் இல்லை. 2020 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்து, பின்னர் 2021ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் மூலம் சட்டமாக்கப்பட்ட ஏற்பாடு ஒன்றின்படி, இலங்கையில் வதியும் தனிநபர் ஒருவர் சில குறிப்பிட்ட வகைச் செலவுகளுக்காக ஆண்டொன்றுக்கு 12 இலட்சம் ரூபா வரை கழித்துக்கொள்ள முடிந்தது. மருத்துவச் செலவும் மருத்துவக் காப்புறுதியும், உள்நாட்டில் பெற்ற தொழிற்கல்வி மற்றும் ஏனைய கல்விச் செலவும், வீட்டுக்கடன் வட்டியும், ஓய்வூதியத் திட்டப் பங்களிப்பும், பங்குகளும் பிணையங்களும் வாங்கிய செலவும் அப்பட்டியலில் இருந்தன. சம்பளக்காரர், வியாபாரி என்ற பேதமின்றி இந்த நிவாரணம் வழங்கப்பட்டதால், ஊழியருக்குச் செலவுக் கழிப்பு இல்லை என்ற பழைய விதிக்கு இது ஓர் அரிய விலக்காக அமைந்தது. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவுபெற்ற நிலையமொன்றில் கனரக இயந்திர இயக்குநர் பயிற்சி பெற்றவர் இதை ஐயமின்றிக் கோரியிருக்க முடியும். சாதாரண சாரதிப் பயிற்சிப் பாடசாலைக் கட்டணம் தொழிற்கல்வி என்ற வரையறைக்குள் வருமா என்பது வாதத்துக்கு இடமானதாக இருந்தாலும், அந்த வாதத்தை முன்வைக்கவாவது சட்டத்தில் இடம் இருந்தது.

ஆனால் அந்த இடத்தில் வந்து நிற்கக்கூடிய சாரதிகள் அப்போது ஏறத்தாழ எவரும் இல்லை. நிவாரணம் நடைமுறையில் இருந்த அதே மூன்று ஆண்டுகளில், 2019 தேர்தலுக்குப் பின் செய்யப்பட்ட பெரும் வரிக்குறைப்பின் விளைவாக, தனிநபர் நிவாரணம் ஆண்டுக்கு 30 இலட்சம் ரூபாவாக, அதாவது மாதம் 250,000 ரூபாவாக இருந்தது. அன்றைய சம்பள நிலையில் அவ்வளவு பெறும் சாரதி புத்தளத்தில் மட்டுமல்ல, நாடெங்கும் அரிது. வரி செலுத்த வேண்டிய நிலையில் இல்லாதவருக்கு எத்தனை இலட்சம் கழிப்பைக் கொடுத்தாலும் அது ஒரு ரூபாவையும் மிச்சப்படுத்தாது. பின்னர் 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. சர்வதேச நாணய நிதியத்தின் திட்டத்தோடு இணைந்து கொண்டுவரப்பட்ட 2022ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், 2023 ஜனவரி 1 முதல் தனிநபர் நிவாரணத்தை 12 இலட்சமாகக் குறைத்தது, வரிவீதத்தை ஐந்து இலட்சத்துக்கு ஒரு படியாக 6 முதல் 36 சதவீதம் வரை உயர்த்தியது, கூடவே அந்தச் செலவின நிவாரணத்தையும் முற்றாக நீக்கியது. மாதம் ஓர் இலட்சம் என்ற எல்லை வந்தபோது, மேலதிக நேரக் கொடுப்பனவோடு அதைக் கடந்த கனரக வாகனச் சாரதிகள் முதன்முறையாக வரிவலைக்குள் வந்தனர். தொழிற்கல்விக்கான கழிப்பு இருந்த காலத்தில் அவர்களுக்கு வரி இருக்கவில்லை. வரி வந்த காலத்தில் கழிப்பு இருக்கவில்லை. இந்த இரண்டும் ஒரு நாள்கூட ஒன்றையொன்று சந்திக்கவில்லை என்பதே இலங்கைச் சாரதிகளின் வரி வரலாற்றில் மிகவும் கவனிக்கத்தக்க செய்தி.

தொகைகளில் பார்த்தால் இதன் கனம் தெளிவாகும். மாதம் 180,000 ரூபா பெறும் சாரதி ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 2,160,000 ரூபா. 2023/24 மதிப்பீட்டு ஆண்டில் அவர் வரிக்குரிய வருமானம் 960,000 ரூபாவாகி, முதல் ஐந்து இலட்சத்துக்கு 30,000 ரூபாவும், எஞ்சிய 460,000 ரூபாவுக்கு 12 சதவீதத்தில் 55,200 ரூபாவுமாக மொத்தம் 85,200 ரூபா வரி ஏற்பட்டது. 2025/26இல் அதே சம்பளத்துக்கு வரிக்குரிய வருமானம் 360,000 ரூபாவாகக் குறைந்து, வரி 21,600 ரூபாவாகிறது. எல்லையை உயர்த்தியது சாரதிக்குப் பெரும் ஆறுதல் என்பதில் ஐயமில்லை. எனினும் அவ்வாண்டுகளில் எப்போதும் அவர் தன் பயிற்சிக்குச் செலவிட்ட தொகை கணக்கின் எந்த இடத்திலும் தோன்றவில்லை. தொழில்தருநர் மாதந்தோறும் சம்பளத்திலிருந்து பிடித்துச் செலுத்தும் இந்த வரிக்கு முற்பணத் தனிநபர் வருமான வரி என்று பெயர். சம்பளச் சீட்டில் அது ‘ஏபிட்’ என்ற சுருக்கமாக இடம்பெறுகிறது.

சம்பளச் சாரதிக்கு எஞ்சியிருக்கும் ஒரே நேர்மையான வழி, செலவைத் தன் பெயரில் செய்யாமல் தொழில்தருநரின் செலவாக அமைத்துக்கொள்வது. ஊழியர் ஒருவர் தொழில்தருநரின் சார்பில் செய்த செலவைத் தொழில்தருநர் திருப்பிக் கொடுத்தால், அத்தொகை ஊழியரின் வருமானமாகக் கருதப்படுவதில்லை. தொழில்தருநர் அதைத் தன் வியாபாரச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம். ஆகவே நிறுவனத்தின் வண்டிக்கு இட்ட டீசல், வழியில் மாற்றிய டயர், நெடுஞ்சாலைக் கட்டணம் ஆகியவற்றுக்குப் பற்றுச்சீட்டைக் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெறுவது ஒன்று. அதற்கெல்லாம் சேர்த்து மாதம் ஒரு தொகையைப் ‘படி’யாகச் சம்பளத்தோடு வாங்கிக்கொள்வது வேறொன்று. பின்னையது சம்பளத்தின் பகுதியாகி வரிக்கு உட்படும். கனரகப் பயிற்சியைப் பொறுத்தும், தன் லொறிகளுக்குத் தகுதியான சாரதி தேவை என்ற காரணத்தால் முதலாளியே பயிற்சி நிலையத்துக்குப் பணம் செலுத்துவது இரு தரப்புக்கும் பொருத்தமானது. நடைமுறையில் இது அதிகம் நிகழாமைக்குக் காரணம் சட்டமன்று, அச்சம்: ஹெவி லைசன் கையில் கிடைத்ததும் சாரதி அடுத்த நிறுவனத்துக்கோ கட்டாருக்கோ போய்விடுவார் என்று முதலாளிகள் எண்ணுகின்றனர், அந்த எண்ணம் பெரும்பாலும் மெய்யாகியும் விடுகிறது.

பிற நாடுகளைப் பார்த்தால், இலங்கையின் கடுமை தனித்த ஒன்றன்று என்பதும், ஆனால் தவிர்க்க முடியாததுமன்று என்பதும் புலப்படும். அவுஸ்திரேலியாவில் சாதாரண அனுமதிப்பத்திரச் செலவு, வேலைக்கு அது கட்டாயமாக இருந்தாலும், கழிக்கப்படுவதில்லை. ஆனால் ஏற்கெனவே செய்யும் வேலைக்காகக் கனரக வாகன அனுமதியைப் பெறும் மேலதிகச் செலவு கழிக்கப்படுகிறது. புதிய வேலையைத் தேடுவதற்கான படிப்பு வேறு, இருக்கும் வேலையை உயர்த்தும் படிப்பு வேறு என்ற கோடு அங்கே தெளிவாக இழுக்கப்பட்டிருக்கிறது. கனடாவில் நெடுந்தூர லொறிச் சாரதிகள், வீட்டைவிட்டு விலகியிருக்கும் நாட்களில் உண்ணும் உணவுச் செலவில் 80 சதவீதத்தைக் கழிக்கலாம். ரொறன்ரோப் பக்கத்தில் லொறி ஓட்டும் தமிழர்களுக்கு இது பழகிய கணக்கு. மறுபுறம் அமெரிக்கா, ஊழியர்கள் தம் கைக்காசில் செய்யும் தொழிற்செலவுக்கான கழிப்பை 2018 முதல் நிறுத்திவிட்டது. அவுஸ்திரேலியாவின் கோடு இலங்கைக்கும் பொருந்தக்கூடியதே. அதைப் பின்பற்றினால் மிகச் சிறிய வருவாயே இழக்கப்படும்.

இனிச் சொந்த வண்டிக்காரரின் கணக்குக்கு வரலாம். தன் லொறியையோ வேனையோ முச்சக்கர வண்டியையோ தானே ஓட்டி உழைப்பவர் சட்டத்தின் பார்வையில் வியாபாரம் செய்பவர்; ஆகவே வருமானத்தை ஈட்டுவதற்காக ஏற்பட்ட டீசல், எண்ணெய் மாற்றம், டயர், திருத்த வேலை, கிளீனரின் கூலி, காப்புறுதி, புகைப் பரிசோதனை, ஆண்டுதோறும் பெறும் வாகன வருமான அனுமதிப்பத்திரம் ஆகிய அனைத்தும் அவருக்குக் கழிப்புக்குரியவை. இந்த வருமான அனுமதிப்பத்திரத்தின் பெயரில் ‘வருமானம்’ இருப்பதனால், அதைப் பெற்றுவிட்டால் வருமான வரி செலுத்தியாயிற்று என்று எண்ணுவோர் இன்றும் உள்ளனர். அது மாகாண சபை வாகனத்துக்கு அறவிடும் கட்டணம், வருமான வரியோடு அதற்குத் தொடர்பில்லை. வற் எனப்படும் பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்யாத சிறு சொந்தக்காரர் 2024 ஜனவரி முதல் டீசலின் விலையோடு சேர்த்துச் செலுத்தும் அந்த வரியைத் தனியே மீளப் பெற முடியாது. அது எரிபொருட் செலவின் பகுதியாகவே கணக்கில் சேரும். வீதிப் பொலிசாருக்குச் செலுத்திய தண்டப்பணத்துக்கு மட்டும் எவ்வகையிலும் இடமில்லை. அதிக பாரம் ஏற்றிய குற்றத்துக்கான தண்டம் உண்மையில் வியாபாரத்தின்போதே ஏற்பட்டாலும், சட்டமீறலுக்காக அரசுக்குச் செலுத்தும் தண்டத்தைக் கழிக்கக் கூடாதென்று சட்டம் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது.

பயிற்சிச் செலவு இவருக்கும் முழுமையாக எளிதாகிவிடுவதில்லை. வண்டி வாங்குவதற்கு முன், தொழிலே தொடங்காத நிலையில், முதல் அனுமதிப்பத்திரத்துக்காகச் செலவிட்ட பணம் ஒருவருடைய சொந்தக் கல்விச் செலவாகவே கருதப்படும். ஆனால் சிறிய லொறியில் தொழில் நடத்திக்கொண்டிருப்பவர் பெரிய லொறிக்கு மாறுவதற்காகப் பெறும் பயிற்சியும், தன்னிடம் வேலை செய்யும் சாரதிக்கு அவர் செலுத்தும் பயிற்சிக் கட்டணமும் நடந்துகொண்டிருக்கும் தொழிலோடு நேரடித் தொடர்புடையவை என்பதால், அவற்றைக் கோருவதற்கு வலுவான நியாயம் உண்டு. அனுமதிப்பத்திரத்தின் நான்காண்டுப் புதுப்பித்தலைப் பற்றி இத்தகைய தயக்கம் தேவையில்லை; அது தொழிலை நடத்துவதற்கான வழக்கமான செலவு.

வண்டியின் விலை தனிப் பிரச்சினை. லொறி வாங்கிய ஐம்பது இலட்சத்தை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது. மூலதனக் கொடுப்பனவு என்ற பெயரில், அதாவது சொத்தின் தேய்மானத்துக்காகச் சட்டம் அனுமதிக்கும் ஆண்டுக் கழிப்பாக, ஐந்து ஆண்டுகளில் சம பங்குகளாகக் கழிக்க வேண்டும். பஸ்களும் சரக்கு வாகனங்களும் இதற்குரியவை. சாதாரண காருக்கு இது கிடையாதெனினும், போக்குவரத்துத் தொழிலிலோ வாடகைக்கு விடும் தொழிலிலோ பயன்படும் வாகனம் வர்த்தக வாகனமாகக் கருதப்படுவதால் முச்சக்கர வண்டியும் சுற்றுலா ஜீப்பும் உள்ளடங்குகின்றன. ஓர் ஆண்டுக்குரிய கொடுப்பனவை அந்த ஆண்டிலேயே எடுக்க வேண்டும், அடுத்த ஆண்டுக்கு ஒத்திப்போட முடியாது. லீசிங்கில் எடுத்த வண்டிக்கு மாதாமாதம் கட்டும் முழுத் தவணையையும் செலவாக எழுதிவிடுவது இப்பகுதியில் பரவலாகக் காணப்படும் பிழை. நிதிக் குத்தகையில் வண்டியை எடுத்தவரையே சட்டம் உரிமையாளராகப் பார்க்கிறது. தவணையில் வட்டிப் பகுதி மட்டும் செலவு, அசல் பகுதி கடனைத் தீர்ப்பது, வண்டியின் விலை மூலதனக் கொடுப்பனவாகத் தனியே கழிகிறது. இரண்டையும் சேர்த்து எழுதினால் ஒரே விலையை இரு முறை கழித்ததாகிவிடும்.

கற்பித எண்களைக் கொண்டு ஒரு கணக்கைப் பார்க்கலாம். கற்பிட்டியிலிருந்து மரக்கறி ஏற்றும் லொறிக்காரர் ஒருவருக்கு ஆண்டில் 80 இலட்சம் ரூபா வாடகை கிடைக்கிறது. டீசல் 34 இலட்சம், கூலி 8 இலட்சம், டயரும் திருத்தமும் 5 இலட்சம், காப்புறுதி முதலியன 2 இலட்சம், லீசிங் வட்டி 4 இலட்சம் எனச் செலவு 53 இலட்சம் ஆகிறது. மீதி 27 இலட்சம். ஐம்பது இலட்சம் பெறுமதியான லொறிக்குரிய 10 இலட்சம் மூலதனக் கொடுப்பனவையும் கழித்தால் எஞ்சுவது 17 இலட்சம். 18 இலட்சம் நிவாரணத்துக்குள் அது அடங்கிவிடுவதால் வரி இல்லை. கொடுப்பனவைக் கோர மறந்தால் 54,000 ரூபா வரி வரும். கொடுப்பனவைக் கோரியும், டீசல் பற்றுச்சீட்டுகளில் பாதியைக் காட்ட முடியாமற்போய் 17 இலட்சம் செலவு நிராகரிக்கப்பட்டால், வருமானம் 34 இலட்சமாகி, வரி 60,000, 90,000, 24,000 என மூன்று படிகளாகச் சேர்ந்து 174,000 ரூபாவை எட்டும். வண்டியும் ஓட்டமும் செலவும் மூன்று நிலையிலும் மாறவில்லை. மாறியது காகிதம் மட்டுமே.

அந்தக் காகிதத்தைச் சேர்ப்பதுதான் இக்கரையில் மிகக் கடினமானது. தோட்டத்து வாசலில் ஏற்றுகூலி கையில் கொடுக்கப்படுகிறது. வீதியோரக் கராஜில் வேலை முடிந்ததும் காசு கைமாறுகிறது. எரிபொருள் நிலையங்களில் கேட்டால்தான் சீட்டு, அதிலும் வாகன இலக்கம் எழுதப்படுவது அரிது. 2022இன் எரிபொருள் நெருக்கடியில் தேசிய எரிபொருள் அனுமதி முறை வந்தபோது, ஒவ்வொரு வண்டியும் எத்தனை லீற்றர் பெற்றது என்பது வாகன இலக்கத்தோடு அரசின் கணினியில் பதிவாயிற்று. பங்கீட்டுக்காகச் செய்யப்பட்ட அந்தப் பதிவு, சிறு வண்டிக்காரரின் செலவுக்கும் சான்றாகியிருக்கலாம் என்று எவரும் சிந்தித்ததாகத் தெரியவில்லை. ஆவணங்களை ஐந்து ஆண்டுகள் பேண வேண்டும் என்பது விதி. வண்டியின் ஓட்டப் புத்தகத்தில் திகதி, இடம், கிலோமீற்றர், வாடகை, டீசல் ஆகிய ஐந்தையும் அன்றன்றே எழுதிவைப்பவர், சீட்டுகள் சில தவறினாலும், தன் கணக்கை விளக்கக்கூடிய நிலையில் இருப்பார். வீட்டுத் தேவைக்கும் ஓடும் வண்டியானால், தொழிலுக்கு ஓடிய பங்கை மட்டும் பிரித்துக் காட்டவும் அதே புத்தகமே உதவும்.

சம்பளச் சாரதி, சொந்த வண்டிக்காரர் ஆகிய இவ்விரு வகைக்கும் இடையில் நிற்பவர்களே இக்கரையில் அதிகம். முதலாளியின் லொறியை ஓட்டி, நடைக்கு இவ்வளவு என்றோ, செலவு போக மிஞ்சுவதில் ஒரு பங்கென்றோ பெறும் சாரதி ஊழியரா, தனித்து வியாபாரம் செய்பவரா? எங்கே எப்போது போக வேண்டும் என்பதை முதலாளி தீர்மானித்து, வண்டியும் அவருடையதாகவே இருந்தால், பெறும் பணம் பங்காக இருந்தாலும் உறவு ஊழிய உறவாகவே தோன்றும். வண்டியை நாள்வாடகைக்கு எடுத்து, டீசலைத் தானே இட்டு, ஓட்டத்தைத் தானே தேடி, நட்டம் வந்தால் தானே தாங்கும் முச்சக்கர வண்டிச் சாரதி வியாபாரம் செய்பவர். அவர் செலுத்தும் நாள்வாடகையே அவருடைய முதற் கழிப்பு. எழுத்தில் உடன்பாடு எதுவும் இல்லாத இவ்வுறவுகளில், சேமலாப நிதியைத் தவிர்க்க வேண்டியபோது ‘அவர் என் ஆளல்ல’ என்றும், கட்டுப்படுத்த வேண்டியபோது ‘என் சாரதி’ என்றும் முதலாளி சொல்வது வழக்கம். கழிப்பைப் பற்றிய கேள்வி தொழிலாளர் உரிமையைப் பற்றிய கேள்வியாக மாறும் இடம் இதுவாகும்.

மற்றொரு பெருங்கூட்டம் கடலுக்கு அப்பால் இருக்கிறது. புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளிலிருந்து, 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கு குடியேறிய முஸ்லிம் குடும்பங்கள் உட்பட, பல வீடுகளின் இளைஞர்கள் சவூதி, கட்டார், குவைத் நாடுகளுக்கு வீட்டுச் சாரதிகளாகவும் லொறிச் சாரதிகளாகவும் செல்கின்றனர். அனுமதிப்பத்திரத்துக்கும் பயிற்சிக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் முகவருக்கும் அவர்கள் செலவிடுவது இலங்கையில்; உழைப்பது சம்பளத்துக்கு வருமான வரியே இல்லாத நாட்டில். ஆண்டின் பெரும்பகுதியை வெளிநாட்டில் கழிப்பவர், 183 நாட்கள் என்ற அளவுகோலின்படி, பொதுவாக இலங்கையில் வதிபவராகக் கருதப்படுவதில்லை. அங்கு பெறும் சம்பளத்துக்கு இங்கு வரி இல்லாததால், அதற்கான செலவையும் எங்கும் கழிக்க முடியாது. வரியைச் செலுத்தாதவர் கழிப்பை இழந்ததாகச் சொல்ல முடியாதுதான். எனினும் திரும்பி வந்து சேமிப்பில் ஒரு வேனை வாங்கித் தொழில் தொடங்கும்போது, பத்தாண்டு ஓட்டிய அனுபவம் எந்தச் சான்றிதழிலும் இல்லாமற்போவதே அவருக்குப் பெரிய இழப்பு. தேசிய தொழிற்தகைமை முறையில், வகுப்புக்குச் செல்லாமலே பெற்ற திறனை மதிப்பிட்டுச் சான்றளிக்கும் முன்கற்றல் அங்கீகாரம் என்ற வழி இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகார சபையும், தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையும் இத்தகைமை முறையின் கீழ் இயங்குகின்றன.

2024 முதல் பதினெட்டு வயதைக் கடந்த எவரும் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் பதிவு செய்து, ‘டின்’ எனப்படும் வரி செலுத்துநர் அடையாள இலக்கத்தைப் பெற வேண்டும் என்ற பணிப்பு வந்தபோது, இலக்கம் எடுத்தாலே வரி கட்ட வேண்டிவரும் என்ற அச்சம் சந்திகளில் பரவியது. இலக்கம் பெறுவது வேறு, வரிக்கு உட்படுவது வேறு. வரிக்கு உட்பட்டவர் மதிப்பீட்டு ஆண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30க்குள் விவரத்திரட்டை, அதாவது வருமானத்தையும் செலவையும் அறிவிக்கும் படிவத்தை, ஒப்படைக்க வேண்டும். சொந்தத் தொழில் செய்பவர் அதுவரை காத்திருக்காமல் ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 ஆகிய திகதிகளில் நான்கு தவணைகளாக வரியைச் செலுத்தவும் வேண்டும். கற்பிட்டியில் டொல்பின் பார்க்க வருவோரை ஏற்றி இறக்கும் வேன்காரருக்குத் தொழில் நவம்பரில் தொடங்கி ஏப்ரலோடு ஓய்ந்துவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஆகஸ்டில், வண்டி வாசலில் நிற்கும்போது, முதல் தவணை வந்து சேர்கிறது. மதிப்பிடப்பட்ட ஆண்டு வருமானத்தைத் திருத்தித் தவணையைக் குறைத்துக்கொள்ள விதியில் இடமிருப்பதால், அவர் ஏப்ரலிலேயே கடந்த பருவத்தின் ஓட்டப் புத்தகத்தை எடுத்து, வரும் ஆண்டின் டீசல், திருத்தம், லீசிங் வட்டி, மூலதனக் கொடுப்பனவு ஆகியவற்றைக் கழித்த மதிப்பீடு ஒன்றைத் தயாரித்துக்கொள்வது நல்லது. பருவத்தின் இலாபம் நிவாரண எல்லைக்குள் அடங்குமானால் ஆகஸ்டில் செலுத்துவதற்கு ஒன்றும் இராது.